கால் மணி நேரத்தின் விலை

உள்ளே மெஷினில் நிற்கும் தாயை, தொட்டிலில் அழும் குழந்தைக்காக எப்போது கூப்பிட வேண்டும்? ஏழு வருடம் இந்த மில்லின் குழந்தைகள் அறையைப் பார்த்துக்கொண்டேன். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

அந்த அறைக்குப் புதிதாக இரண்டு பெண்கள் வரப்போகிறீர்கள் என்று சொன்னார்கள். உங்களுக்காக, மில் வெளியிடும் மலரில் என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி மேனேஜர் கேட்டார். விடை தெரிந்தவர்கள் யாரையாவது கேட்டிருக்கலாம். ஆனாலும் சொன்ன வேலையைச் செய்யாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை. தங்கைகளே, பால் கரைப்பது, துணி அலசுவது, தொட்டில் கட்டுவது எல்லாம் ஆயா காட்டித் தருவார். அவற்றை நான் எழுதப்போவதில்லை.

நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, கோயம்புத்தூரில் பாலர் கல்விப் பயிற்சி எடுத்து வந்தவள். குழந்தை இரண்டு முறை பாலை மறுத்தால் தாய்க்குத் தெரிவி, காய்ச்சல் கண்டால் தாய்க்குத் தெரிவி என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் தாய்க்குத் தெரிவித்தால் போதும் என்று நினைத்துக்கொண்டுதான் இங்கே வந்தேன். எங்கள் அறையில் இருந்த பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லோரும் ரீலிங் பிரிவில் நூலைச் சுற்றிச் சிட்டம் போடுகிறவர்கள். எத்தனை சிட்டமோ அத்தனைக்குத்தான் கூலி. பால் கொடுக்க வந்து போக அனுமதி உண்டு. வந்து போகிற நேரத்துக்குக் கூலி கிடையாது. இதைப் பயிற்சியில் யாரும் சொல்லித் தரவில்லை.

அறையில் பெரிய சுவர்க் கடிகாரம் ஒன்று இருந்தது. அதை அந்தப் பெண்கள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அவர்களுடைய நேரம் விலைவாசியில் ஓடியது. அப்போது தினம் மூன்றரை ரூபாய் சேர்ந்தால் நல்ல கூலி. கால் மணி நேரம் என்றால் ஒரு டீ. அரை மணி என்றால் இரண்டு இட்லி. ஒரு மணி நேரம் போனால் ஒரு தேங்காய். மதியத்துக்கு மேல் முழுக்கப் போய்விட்டால் வீட்டுக்கு ஒரு கிலோ அரிசியும் அதற்கு மேல் மண்ணெண்ணெயும். பால் மாவு டின் ஏழு ரூபாய். இரண்டு நாள் நின்றால்தான் ஒரு டின்.

"ஏனுங்க டீச்சர், இவன் குடிக்கிற வேகத்தப் பாத்தீங்களா? ஒரு டீய முடிச்சுட்டு ரெண்டாவது டீக்குப் போறான்" என்பார் நூர்ஜகான் அக்கா, மகனை மடியில் போட்டுக்கொண்டு.

"உன்ற மவன் டீயோட உட்டான். என்றது தேங்காயத் தின்னாத்தான் மடிய உட்டு எறங்குவா" என்று பக்கத்தில் இருந்து ஒருத்தர் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டுவார்கள், தூங்கிவிடாமல் சீக்கிரம் குடிக்கட்டும் என்று.

அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் நான் ஊர் நிலவரம் தெரிந்துகொண்டேன். எந்தக் கடையில் புழுங்கல் அரிசி கிலோ ஒன்று முப்பதுக்குக் கிடைக்கிறது, எந்தக் கடைக்காரர் நல்லெண்ணெயில் கடலை எண்ணெய் கலக்கிறார், சினிமாக் கொட்டகையில் தரை டிக்கெட் எத்தனை பைசா ஏறியது, பவுன் நூற்றைம்பதைத் தொட்டால் தங்கச்சி கல்யாணம் என்ன ஆகும். என் அம்மாவும் இப்படித்தான் பேசியிருப்பார். ஐம்பதுகளில் அவர் பஞ்சு அரைக்கும் ஆலையில் கூலிக்குப் போனபோது இப்படி ஓர் அறை கிடையாது. ஆலைக்கு வெளியே வேப்பமரத்தில் என்னைத் தூளி கட்டிப் போட்டுவிட்டு, ஆட்டிவிடும் பெண்ணுக்கு நாளுக்கு ஓரணா கொடுத்தாராம். "காத்தடிச்சா உனக்கு ஓரணா மிச்சம்" என்று அவரைக் கேலி செய்வார்களாம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நான் செய்த காரியத்தை இன்னும் ரீலிங்கில் சொல்லிச் சிரிக்கிறார்கள். நீங்கள் வந்ததும் உங்கள் காதிலும் விழும். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

ரீலிங் பிரிவுக்குள் எவ்வளவு கத்தினாலும் கேட்காது. அங்கே எல்லாப் பேச்சும் கையால்தான். உள்ளங்கையை வாயருகே கொண்டுபோனால் பசி. இரண்டு கையையும் ஆட்டினால் தூங்கவில்லை. நெற்றியில் கை வைத்தால் காய்ச்சல். இதை ஆயா எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். அன்று ஒரு குழந்தைக்கு உடம்பு சுட்டது. நான் ஓடிப்போய் ரீலிங் வாசலில் நின்று, நெற்றியில் கையை வைத்தேன். யார் குழந்தை என்று காட்டவில்லை. காட்ட வேண்டும் என்பதே எனக்குத் தோன்றவில்லை. ஒருத்தர் பார்த்தார். அடுத்தவரைத் தட்டினார். பிள்ளையை எங்கள் அறையில் விட்டிருந்த அத்தனை பேரும் மெஷினை நிறுத்திவிட்டு என்னைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"டீச்சர், இன்னிக்கு நீங்க கைய வெச்சது உங்க நெத்தியில இல்லீங்க, எங்க எல்லாத்து கூலியிலயும்" என்றார் நூர்ஜகான் அக்கா. மறுநாள் அவரே வழியும் கண்டுபிடித்தார். ஒவ்வொரு குழந்தைக்கும் கையால் ஒரு பெயர். சப்பை மூக்குப் பையனுக்கு மூக்கை அமுக்கிக் காட்ட வேண்டும். எப்போதும் விரல் சூப்பும் பெண்ணுக்குக் கட்டைவிரல். அவருடைய மகனுக்குக் காதுப் பக்கம் விசிறுகிற மாதிரி, அவ்வளவு பெரிய காது. பழனியம்மா அக்காவின் மகளுக்குத் தலைக்கு மேல் விரலைச் சுழற்ற வேண்டும். அவளுக்குச் சுருட்டை முடி.

முதலில் குழந்தையைக் காட்டு, பிறகு சங்கதியைக் காட்டு. நான் நிச்சயமாகச் சொல்லக்கூடிய பாடம் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் எனக்கே சந்தேகம்.

பழனியம்மா அக்கா அருள்புரத்திலிருந்து மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே வருவார். அவர் அப்போது பதிலித் தொழிலாளி. யாராவது வராத இடத்தில் நிற்கிற ஆள். நிரந்தரமானால் தினம் வேலை நிச்சயம், விடுமுறைக்குச் சம்பளம், தீபாவளிக்கு போனஸ். அவர் வீட்டுக்காரருக்குச் சலவைப் பட்டறையில் வேலை. பனியன் துணியை வெளுத்து, நொய்யல் ஆற்றுப் பக்கத்து மைதானத்தில் வெயிலில் காயப்போடும் வேலை அது. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் துணி காயாது, பட்டறைக்கு வேலை இருக்காது. அந்த வருடம் மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஊரில் எல்லோரும் மழையைக் கொண்டாடினார்கள். அவர் வீட்டில் மட்டும் அடுப்பு பழனியம்மா அக்காவின் கையை நம்பி எரிந்தது.

ஒருநாள் காலையில் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, போகாமல் நின்றார்.

"டீச்சர், மேஸ்திரி சொல்லிப்போட்டாருங்க. இந்த மாசம் சிட்டம் கொறையாம ஓட்டுனா பர்மனெண்டுக்கு என்ற பேர எழுதி அனுப்பறாராமா. ஒரு மாசந்தானுங்க. பால் பாட்டில்ல ஊத்தி வெச்சிருக்கறேன். அழுதா அழுகட்டும். என்னைய மட்டும் கூப்புடாதீங்க."

"எதுக்குமே கூப்பிட வேண்டாமா அக்கா?"

"எதுக்குமே வேண்டாமுங்க. நீங்க வாசல்ல வந்து நின்னாலே எனக்குக் கையி நின்னு போயிருது."

சரி என்று சொன்னேன். வயதில் மூத்தவர் கேட்டுக்கொண்டார், நான் ஒப்புக்கொண்டேன். அப்போது அது சரியான பதிலாகத்தான் தெரிந்தது.

குழந்தைக்குப் பத்து மாதம். முதல் நாட்கள் பாட்டிலைத் தட்டிவிட்டாள். பாலாடைச் சங்கில் கொடுத்தோம். துப்பினாள். பிறகு பழகிக்கொண்டாள். நானும் வாசலுக்குப் போகவில்லை. சாயங்காலம் சங்கு ஊதியதும் அக்கா ஓடிவந்து, மகளை எடுத்து முகர்ந்துவிட்டு, "கூப்புட்டீங்களா?" என்று கேட்பார். இல்லை என்பேன். "நல்ல டீச்சர்" என்பார். மாதம் முடியப் போகிற நேரம் வந்துவிட்டது.

அன்று காலையிலேயே குழந்தைக்கு வயிறு சரியில்லை. மழைக்காலத்தில் அறையில் எப்போதும் இரண்டொரு பிள்ளைகளுக்கு அப்படி இருக்கும். துணி மாற்றினோம், பார்லித் தண்ணீர் கொடுத்தோம். கொடுத்ததை வாந்தி எடுத்தாள். நன்றாக அழுதாள். அழுகிற வரைக்கும் எனக்குப் பயமில்லை. மதியத்துக்கு மேல் அழுகையை நிறுத்திவிட்டாள். கண்ணைத் திறந்தபடி, தொட்டில் துணியையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

தூங்கப் போகிறாளோ என்று ஆயா சொன்னார். இருக்கலாம் என்று எனக்கும் தோன்றியது. நெற்றி சுடவில்லை. கூப்பிடாதே என்று தாயே சொல்லியிருக்கிறார். மாதத்தின் கடைசி நாட்கள். நான் இப்போது போய் நின்றால், அது ஒரு டீயோ ஒரு தேங்காயோ இல்லை, அந்த வீட்டின் அடுத்த பல வருடம். போகாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு என்னிடம் விலை இல்லை. நான் தொட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தேன். கடைசியில் குழந்தையின் வாயில் விரல் வைத்துப் பார்த்தேன். உதடு காய்ந்திருந்தது. அவள் விரலைப் பற்றவில்லை. நான் கதவைத் திறந்துகொண்டு போனேன்.

ரீலிங் வாசலில் நின்று தலைக்கு மேல் விரலைச் சுழற்றினேன். பழனியம்மா அக்கா பார்த்தார். பார்த்ததை நான் பார்த்தேன். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தச் சத்தத்துக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவ்வளவுதான். எந்தச் சொல்லும் போய்ச் சேராது. நான் மறுபடியும் விரலைச் சுழற்றினேன், மறுபடியும். அவர் முதுகு மட்டும் தெரிந்தது. கை நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தாய் தன் பிள்ளையின் பெயருக்கு முதுகைக் காட்டி நிற்கிறார் என்று அன்று எனக்குக் கோபம் வந்தது. இன்று அந்த முதுகை நினைத்தால் கோபம் வருவதில்லை.

திரும்பிப் போய்விடலாமா என்றும் நினைத்தேன். அவரே வேண்டாம் என்கிறார், நான் யார்? ஆனால் கால் உள்ளே போய்விட்டது. மெஷின்களுக்கு நடுவே வெளியாட்கள் வரக்கூடாது. மேஸ்திரி கையை ஆட்டிக்கொண்டு வந்தார். அதைப் பார்த்த நூர்ஜகான் அக்கா என்னைப் பார்த்தார், என் முகத்தில் என்ன இருந்ததோ, தன் மெஷினை விட்டுவிட்டு நேராகப் பழனியம்மா அக்காவிடம் போய் அவரைத் தோளோடு பிடித்து வெளியே நகர்த்தினார். அந்த இடத்தில் தான் நின்றுகொண்டார். வாசல் பக்கம் கையைக் காட்டினார். போ.

மேஸ்திரி நூர்ஜகான் அக்காவின் காதருகே வந்து கத்தினார். பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது.

"ரெண்டு மிஷினை ஒருத்தி ஓட்டுவியா நீ?"

"ஊட்டுல புருசனையும் மாமியாளையும் ஒண்ணா ஓட்டறனுங்களே. இது ரெண்டும் எதுத்துப் பேசாத மிஷினுங்க!"

வெளியே முற்றத்துக்கு வந்ததும் பழனியம்மா அக்கா என்னைப் பார்த்துச் சொன்னது இது: "நீ ஒண்ணப் பெத்துப் பாரு கண்ணு. அப்பறம் வந்து அடுத்தவள கூப்புடு." அதுவரை என்னை டீச்சர் என்று மட்டுமே கூப்பிட்டவர். ஆனால் தொட்டிலைப் பார்த்ததும் ஓடிப்போய்க் குனிந்தார். குழந்தையை எடுத்துத் தோளில் போட்டார். குதிரை வண்டி பிடித்து டாக்டரிடம் போனோம். வண்டிக்கு ஐம்பது பைசா. டாக்டருக்கு ஒரு ரூபாய். மருந்து ஊற்றுவதற்குப் பாட்டில் நாம்தான் கொண்டுபோக வேண்டும். பதற்றத்தில் மறந்துவிட்டோம், எதிர் டீக்கடையில் ஒரு சோடாப் பாட்டில் கேட்டு வாங்கினேன். இதெல்லாம் துல்லியமாக ஞாபகம் இருக்கிறது.

டாக்டர் அங்கேயே உட்காரவைத்து, சர்க்கரையும் உப்பும் கரைத்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுக்கச் சொன்னார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அக்கா கொடுத்துக்கொண்டே இருந்தார். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் குழந்தை ஒரு முறை அழுதாள். அவ்வளவு நல்ல சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

நான் டாக்டரிடம் தனியாகக் கேட்டேன், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. நல்ல வேளை வந்தீர்கள் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவரோ, "சொல்ல முடியாதும்மா. சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்திருந்தாலும் இதே வைத்தியந்தான். சில குழந்தை தாங்கும், சிலது தாங்காது" என்றார்.

அந்த மாத நிரந்தரப் பட்டியலில் பழனியம்மா அக்காவின் பெயர் போகவில்லை. நூர்ஜகான் அக்கா ஓட்டிய சிட்டத்தை மேஸ்திரி ஒப்புக்கொள்ளவில்லை. அதற்குப் பின் அக்கா தினமும் வந்து, குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் போனார். குழந்தை தேறி, தொட்டில் கம்பியைப் பிடித்து நிற்கத் தொடங்கிவிட்டாள். அவள் சிரிக்கும்போதெல்லாம் நான் செய்தது சரி. அவள் அம்மா மௌனமாகக் கதவைச் சாத்தும்போதெல்லாம் நான் செய்தது தப்பு. இப்படியே தை மாதம் வந்தது.

பொங்கல் முடிந்து மேனேஜர் ரீலிங் பெண்களைக் கூப்பிட்டுக் குறை கேட்டார். வழக்கமாகக் குடிதண்ணீர், கழிப்பிடம் என்று ஏதாவது சொல்வார்கள். அன்று, இன்னும் பதிலியாகவே இருந்த பழனியம்மா அக்கா எழுந்தார்.

"சாமி, மிஷின்ல நூலு அத்துப்போச்சுன்னா நிறுத்திக் கட்டறோம். அதுக்கு யாரும் கூலி புடிக்கறதில்லீங்க. புள்ளைக்குப் பால் குடுக்கற நேரத்துல நாங்க என்ன, கோயலுக்கா போறோம்? அன்னன்னிக்கு ஓட்டற வேகத்துலயே அந்தக் கால் மணியவும் சேத்து எழுதுங்க."

மேனேஜர் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி, "எல்லாரும் பால் குடுக்கறேன்னு போயிருவாங்க சார்" என்றார்.

"பால் இல்லாதவ எப்பிடிங்க போவா?" என்று நூர்ஜகான் அக்கா கேட்டதும் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. மேனேஜரும் சிரித்துவிட்டார். உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. இரண்டு மூன்று முறை போய் நின்று கேட்ட பிறகு, காலை ஒரு முறை, மதியம் ஒரு முறை, பால் கொடுக்கும் நேரத்துக்குக் கூலி உண்டு என்று ஆனது. இப்போது உங்களுக்கு அது சாதாரண விஷயம். நம் மில்லில் அது முன்பு இருந்ததில்லை. வெயில் காலத்தில் பழனியம்மா அக்காவும் நிரந்தரமானார்.

நிரந்தரமான அன்று சாயங்காலம் மகளை எடுக்க வந்தவர், தொட்டிலருகே நின்று என்னைப் பார்த்துப் பேசினார்.

"அன்னிக்கு நீங்க வந்து நின்னது நல்லதா கெட்டதான்னு எனக்கு இன்னிக்கும் தெரியிலீங்க டீச்சர்."

"எனக்கும் தெரியலை அக்கா."

"ஆனா அடுத்த வாட்டியும் வந்து நில்லுங்க."

அந்தச் சுருட்டை முடிக்காரி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பால் மாவு டின் பதினான்கு ரூபாய். அரிசி இரண்டேகால். பவுன் முன்னூற்றைம்பதைத் தாண்டிவிட்டது. கூலியும் ஏறியிருக்கிறது. டீ முப்பது பைசா ஆன பிறகும், கணக்குப் போட்டுப் பார்த்தால், ரீலிங்கில் கால் மணி நேரம் என்பது இன்னும் ஒரு டீதான். அந்தக் காலம் மலிவு, இந்தக் காலம் மோசம் என்று எல்லோரும் சொல்வதை என்னால் முழுக்க ஏற்க முடியவில்லை. அந்த ஒரு டீயை இன்று தாய் கையிலிருந்து யாரும் பிடுங்குவதில்லை. அதை நினைத்தால் எனக்கு நம்பிக்கையாகத்தான் இருக்கிறது.

இனி என் சங்கதி. நானும் ஒன்றைப் பெற்றுவிட்டேன். மகளுக்குப் பத்தாவது மாதம். எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று என்னை வருகைப் பதிவு அலுவலகத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். சம்பளம் கூடுதல். அடுத்த திங்கட்கிழமை முதல் என் மகள் உங்கள் தொட்டிலில் கிடப்பாள். உங்களுக்கு அனுபவம் இல்லையே என்று பயப்படுகிறேன். எனக்கும் அன்று இல்லை என்று நினைத்துச் சமாதானம் ஆகிறேன். மறுபடியும் பயப்படுகிறேன்.

நேற்று புது இடத்தைப் போய்ப் பார்த்தேன். என் மேஜைக்குப் பின்னால் ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் முற்றம், முற்றத்துக்கு அந்தப் பக்கம் குழந்தைகள் அறை. ரீலிங் மாதிரி அங்கே சத்தம் இல்லை. ஒரு பிள்ளை சிணுங்கினாலும் கேட்கிறது. திறந்து வைத்தால், என் மகளுடைய ஒவ்வொரு அழுகைக்கும் எழுந்து ஓடிவந்து உங்களை வேலை செய்ய விடமாட்டேன். என் வேலையும் நடக்காது. மூடி வைத்தால், எது கேட்கவில்லையோ அதை நினைத்துக்கொண்டே எண்களைத் தப்பாக எழுதுவேன்.

இந்த மலரைப் படிக்கும் அக்காமார்களே, பிள்ளையைத் தொட்டிலில் விட்டுவிட்டு மெஷினில் நின்றவர்கள் நீங்கள். தங்கைகளே, நீங்களும் உங்கள் மனதில் பட்டதைச் சொல்லலாம். திங்கட்கிழமை காலையில் நான் அந்த ஜன்னலைத் திறந்து வைக்கட்டுமா, மூடி வைக்கட்டுமா?